பத்து நிமிஷப் படம் யாருக்கு?

"கதை எங்கே? பாட்டு எங்கே? ஆரம்பிக்கும் முன்பே முடிந்துவிட்டதே, இதற்குப் பெயர் படமா?"

வாலிபர்கள் எடுக்கும் பரிசோதனைக் குறும்படத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வரும் ஆலைத் தொழிலாளி கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். நாள் பூராவும் ஸ்பின்னிங்கில் நின்று கால் கடுத்து வந்தவனுக்குத் தன்னுடைய அரைமணி நேரத்துக்குக் கணக்குக் கேட்க உரிமை உண்டு. படம் எடுத்த பிள்ளையோ, "அது உங்களுக்குப் புரியாது, அண்ணாச்சி" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். கேட்டவர் வீட்டுக்குப் போய்விடுகிறார். எடுத்தவன் பட்டணத்தில் நடக்கும் ஏதோ ஒரு விழாவுக்குப் படத்தை அனுப்பிவிட்டு, அங்கே தன்னைப் போலவே படம் எடுக்கும் நாற்பது பேர் கைதட்டினால் போதும் என்று இருந்துவிடுகிறான். நஷ்டம் யாருக்கு? இருவருக்கும்தான். அந்த நஷ்டத்தைப் பற்றித்தான் இந்த வாரம் பேச வேண்டியிருக்கிறது.

பாபநாசத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை தாமிரபரணிக் கரையில் இன்று செல்போன் இல்லாத வாலிபனைப் பார்ப்பது அரிது. செல்போன் இருந்தால் அதில் கேமராவும் இருக்கிறது. கையில் கொஞ்சம் ஓவியம் வருகிற பிள்ளைகள், நோட்டுப் புத்தகத்தில் வரைந்ததை ஒவ்வொன்றாகப் படம் பிடித்து அசைய வைக்கிறார்கள். சினிமா என்றால் லட்சக்கணக்கில் பணம் போடும் முதலாளியின் சொத்து என்று நாம் சொல்லி வந்தோம். கருவி இப்போது உழைப்பாளி வீட்டுப் பிள்ளையின் சட்டைப் பைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. உற்பத்திக் கருவி கை மாறுவது சின்ன விஷயமா, தோழர்களே?

முதலில் ஒரு சங்கதி. இந்த மாதிரிப் படம் நமக்குப் புதிதல்ல. டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து எம்.ஜி.ஆர். படத்துக்குக் காத்திருந்த தலைமுறைக்கு நினைவிருக்கும். மெயின் படத்துக்கு முன்னால் சர்க்காரின் பிலிம்ஸ் டிவிஷன் படம் ஓடும். 1948ல் ஏற்பட்ட அந்த இலாகாவின் படத்தைக் கொட்டகைக்காரர் கட்டாயம் போட்டாக வேண்டும். அணைக்கட்டுத் திறப்பு, வெள்ள நிவாரணம், மந்திரிக்கு மாலை என்று அது பாட்டுக்கு ஓடும். பீடி பற்றவைக்க வெளியே போகிறவர் போவார். ஆனால் 1967, 68 வாக்கில் அதே இலாகாவின் கூரைக்குள்ளேயே சில கலைஞர்கள் துணிச்சலான காரியம் செய்தார்கள். எஸ்.என்.எஸ். சாஸ்திரி என்பவர், சுதந்திரம் வந்த வருஷத்தில் பிறந்து 1967ல் இருபது வயதைத் தொட்ட வாலிபர்களைத் தேடிப் போய், "இந்த நாட்டைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டுப் படமாக்கினார். மாலை மரியாதை இல்லை. வாலிபர்கள் மனதில் பட்டதைப் பேசினார்கள். ஓவியர் எம்.எஃப். உசேன் அதே 1967ல் ராஜஸ்தானத்து வீதிகளில் குடை, லாந்தர், செருப்பு என்று கண்ணில் பட்டதையெல்லாம் வைத்து, விளக்கவுரை பேசும் குரலே இல்லாமல் ஒரு சிறு படம் எடுத்தார். அது பெர்லின் விழாவில் தங்கக் கரடிப் பரிசு வாங்கிற்று. செக்கோஸ்லோவாகியா சென்று சித்திரப் படக் கலை பயின்று வந்த பிரமோத் பதி, 1968ல் 'எக்ஸ்ப்ளோரர்' என்ற படத்தில் பிம்பங்களைச் சவுக்கடி மாதிரி மாற்றி மாற்றி வீசினார். இன்று பார்த்தாலும் கண் கூசும். கொட்டகைகளில் இதற்கெல்லாம் என்ன வரவேற்பு இருந்திருக்கும் என்று நமக்கு ஊகிக்கத் தெரியாதா? விசில்தான்!

பரிசோதனை என்ற வார்த்தையைக் கண்டு மிரள வேண்டாம். ஆலைக்காரனுக்கு அது தெரியாததா? புதுரகப் பஞ்சு வந்து இறங்கினால் கொஞ்சமாய் எடுத்து ஓட்டிப் பார்க்கிறோம். நூல் எத்தனை தரம் அறுகிறது என்று கவனிக்கிறோம். விவசாயி புது விதையை ஒரு பாத்தியில் விட்டுப் பார்க்கிறான். படத்திலும் அப்படித்தான். பழைய முறையில் சொல்ல வராத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கும்போது வேறொரு முறையைப் போட்டுப் பார்ப்பது. சொல்வதற்கு ஒன்றுமே கைவசம் இல்லாமல் கேமராவைத் தலைகீழாகப் பிடிக்கிறவர்களுக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. அவர்களும் இருக்கிறார்கள், நிறையவே இருக்கிறார்கள்.

இன்னொரு பக்கம் நம்மவர்களில் சிலர். ஒரு படத்தில் கொடி பறக்க வேண்டும், கடைசியில் முஷ்டி உயர வேண்டும், இல்லாவிட்டால் அது மக்கள் படம் ஆகாது என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். பிரமோத் பதிக்குக் கற்றுக்கொடுத்த செக் நாட்டுக் கலைஞர் யிரி த்ரன்கா 1965ல் 'கை' என்ற பொம்மைப் படம் எடுத்தார். ஒரு ஏழைக் கலைஞன், தன் ரோஜாச் செடிக்கு மண்சட்டி வனைந்து கொண்டிருக்கிறான். ஒரு ராட்சதக் கை கதவைத் தட்டி உள்ளே வருகிறது. "சட்டி வேண்டாம், என்னைச் சிலையாகச் செய்" என்று மிரட்டுகிறது. பேச்சு ஒரு வார்த்தை கிடையாது. பச்சைக் குழந்தைக்கும் புரியும். த்ரன்கா 1969ல் காலமானார். அதன் பின் அந்தப் படத்தை அவர் நாட்டிலேயே தடை செய்து வைத்திருந்தார்கள். ஆட்சியிலிருந்தது நம் கொள்கையைச் சொல்லிக்கொண்ட சர்க்கார்தான். சிலை செய்யச் சொல்லும் கை எந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாலும் கை கைதான். ஆகவே கொடியை எண்ணிப் படத்துக்கு மார்க்குப் போடும் வழக்கத்தை விட்டுவிடுவோம்.

ஆற்றில் நடந்தது

ஏன் இந்தக் கலையைப் பற்றி நமக்கு இத்தனை அக்கறை? நெல்லைச் சீமைக்காரனுக்கு ஒரே ஒரு தேதி சொன்னால் போதும்: 1999 ஜூலை 23.

மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் கூலி உயர்வுக்காகப் போராடிய நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள், பெண்கள் உட்பட, சிறையில் கிடந்தார்கள். அவர்களை விடுதலை செய் என்று மனுக் கொடுக்க ஊர்வலம் கொக்கிரகுளத்துக் கலெக்டர் ஆபீஸை நோக்கி வந்தது. தடியடி நடந்தது. ஒரு பக்கம் போலீஸ், மறுபக்கம் தாமிரபரணி. ஜனங்கள் ஆற்றுக்குள் இறங்கினார்கள். பதினேழு பேர் பிணமாக எடுக்கப்பட்டார்கள். பெண்கள் இருந்தார்கள், ஒரு பச்சைக் குழந்தையும் இருந்தது. நீதிபதி மோகன் கமிஷன் போட்டார்கள். பெரும்பாலோர் நீரில் மூழ்கித்தான் இறந்தார்கள் என்றது அறிக்கை. ஏன் அவர்கள் நீருக்குள் போனார்கள்? குளிக்கவா போனார்கள்?

அன்று கரையில் கேமராக்கள் இருந்தன. தடிகள் எழுந்து விழுவதும் ஜனங்கள் தண்ணீரில் தத்தளிப்பதும் வீடியோவில் ஏறின. திருநெல்வேலியில் இயங்கிய காஞ்சனை திரைப்பட இயக்கத்தைச் சேர்ந்த ஆர்.ஆர். சீனிவாசன், அந்தப் படுகொலையைப் பற்றி 'நதியின் மரணம்' என்ற ஆவணப் படத்தை எடுத்தார். நட்சத்திரம் இல்லை, செட்டு இல்லை, டூயட் இல்லை. நல்ல சினிமாவை ஊருக்குக் காட்ட வேண்டும் என்று கூடிய ஒரு சின்னக் கூட்டம், தன் ஊர் ஆற்றில் ரத்தம் கலந்தபோது தானே கேமராவைத் தூக்கிற்று. கமிஷன் அறிக்கை இன்று எந்த அலமாரியில் இருக்கிறதோ! படம் இருக்கிறது. ஒரு குறும்படத்தால் என்ன ஆகும் என்று கேட்கிறவர்களுக்கு நான் தரும் முதல் பதில் அதுதான்.

சரி, கேமராவே இல்லாத இடத்தில்? 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் நாற்பத்து நான்கு உயிர்கள் ஒரு குடிசைக்குள் எரிந்தபோது கேமரா எங்கே இருந்தது? பாரதி கிருஷ்ணகுமார் 2005ல் 'ராமய்யாவின் குடிசை' எடுத்தபோது, உயிரோடிருந்தவர்களின் வாய்ச்சொல்லைத்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. பொக்கிஷம் போன்ற வேலை அது. ஆனாலும் அந்தக் குடிசையின் உள்ளே நடந்ததைக் காட்ட எந்தக் கேமராவாலும் ஆகாது.

இங்கேதான் சித்திரப் படத்தின் பலம் இருக்கிறது. 1915ல் 'லூசிடானியா' என்ற பெரிய பயணிக் கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கி தகர்த்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கடலில் மாண்டார்கள். அதைப் படம் பிடித்தவர் எவருமில்லை. அமெரிக்காவில் பத்திரிகைக்குக் கார்ட்டூன் போட்டுக்கொண்டிருந்த வின்சர் மெக்கே என்பவர் உட்கார்ந்து சுமார் 25,000 சித்திரங்கள் வரைந்து, 1918ல் அந்தக் கப்பல் மூழ்குவதை ஜனங்கள் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். அந்தப் படம் யுத்தக்காரர்களின் பிரசாரத்துக்குத் தூபம் போட்டது என்பது வேறு விஷயம். ஆயுதம் எவன் கையில் இருக்கிறதோ அவனுக்கு வேலை செய்யும். ஆனால் ஆயுதம் இன்னதென்று தெரிந்துபோயிற்று: எவரும் பார்க்காததை, பார்க்க விடாததை, வரைந்து காட்டலாம்.

வரைவதும் கூலி வேலைதான்

கார்ட்டூன் என்றால் சிறுபிள்ளை விளையாட்டு என்று நினைக்கிறவர் கணக்கைக் கேட்டால் மலைத்துப் போவார். சினிமாத் திரையில் ஒரு விநாடிக்கு 24 பிம்பங்கள் ஓடுகின்றன. பத்து நிமிஷப் படத்துக்கு 14,400. ஒரு சித்திரத்தை இரண்டு தரம் காட்டிச் சிக்கனம் பண்ணினாலும் 7,200 வேண்டும். நாளைக்கு இருபது வரைந்தால் ஒரு வருஷம் கழியும். நாளெல்லாம் குனிந்து ஆயிரம் பீடி சுற்றும் நம் சகோதரிகளுக்கு இந்தக் கணக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கழுத்து வலி ஒன்றே; சுற்றுவது இலை, வரைவது கோடு.

கூலி நியாயமும் ஒன்றேதான். புதுச்சேரிப் பையன் புலியோடு படகில் போகும் 'லைஃப் ஆஃப் பை' 2012ல் வந்ததே, அந்தப் புலியைக் கம்ப்யூட்டரில் உண்டாக்கிய கம்பெனிக்குப் பெயர் ரிதம் அண்ட் ஹ்யூஸ். மும்பையிலும் ஹைதராபாதிலும் அதற்குக் கிளைகள் உண்டு. 2013 பிப்ரவரியில் அந்தக் கம்பெனி திவால் மனுக் கொடுத்தது. அதே மாதம் அந்தப் புலிக்கு ஆஸ்கார் பரிசு! உள்ளே பரிசு கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் வெளியே வீதியில் சித்திரக் கலைஞர்கள் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். படம் கோடி கோடியாய்ச் சம்பாதித்தது. புலியின் ஒவ்வொரு மயிரையும் வரைந்தவன் வீட்டுக்கு அனுப்பப்பட்டான். அனிமேஷன் படித்துப் பட்டணத்து ஸ்டுடியோக்களில் ராப்பகலாய் வேலை பார்க்கும் நம் ஜில்லாப் பிள்ளைகள், தாங்கள் கலைஞர்கள், ஆகவே சங்கம் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தால், அந்தப் புலியை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

தீப்பெட்டியின் மறுபக்கம்

கீதாஞ்சலி ராவ் என்ற கலைஞர் 2006ல் 'பிரின்டெட் ரெயின்போ' என்றொரு சித்திரப் படம் கொண்டுவந்தார். பதினைந்து நிமிஷம். தன் கையாலேயே ஒவ்வொரு பிம்பமாகத் தீட்டி முடிக்க அவருக்கு மூன்று வருஷம் பிடித்தது. கான் நகரத்து விழாவில் விமர்சகர் வாரத்தில் பரிசுகள் வாங்கியது. பட்டணத்து அடுக்குமாடியில் ஒரு கிழவி, ஒரு பூனை. கிழவியிடம் பழைய தீப்பெட்டிகள் ஒரு சேகரம் இருக்கிறது. தீப்பெட்டி மேல் ஒட்டிய படத்துக்குள் அவள் நுழைகிறாள். சாம்பல் நிறமாயிருந்த உலகம் வர்ணக் கோலமாகிறது. பேச்சே இல்லை. அருமையான படம், சந்தேகமில்லை. தனிமை என்பது என்ன என்று ஒரு வார்த்தையில்லாமல் சொல்லிவிடுகிறது. கிடைத்தால் அவசியம் பாருங்கள்.

ஆனால் தீப்பெட்டி என்றதும் எனக்கும் உங்களுக்கும் என்ன நினைவு வரும்? கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி. கோவில்பட்டி 1986 வரை நம் திருநெல்வேலி ஜில்லாவில்தானே இருந்தது! அந்த வர்ண லேபிலைப் பசை தொட்டு ஒட்டிய கை யாருடையது? விடிவதற்கு முன் கம்பெனி வேனில் தூங்கிக்கொண்டே ஏற்றிச் செல்லப்பட்ட சின்னப் பெண்ணின் கை. கிழவி லேபிலுக்குள் நுழைந்து வர்ண உலகத்தைப் பார்க்கிறாள். லேபிலின் மறுபக்கத்தில் பசை காய்ந்த விரல்கள் இருக்கின்றன. கீதாஞ்சலி ராவைக் குறை சொல்லவில்லை. அவர் தன் ஜன்னலிலிருந்து பார்த்ததை உண்மையாக வரைந்தார். பசை தொட்ட பக்கத்திலிருந்து வரைய வேண்டியது கரிசல் காட்டுப் பிள்ளைகளின் பாக்கி. அந்தப் படம் இன்னும் என் கண்ணில் படவில்லை.

ஒரு நூல் ஆலைக் கதை

வரைகிறவன், படம் எடுக்கிறவன், எந்தப் பக்கம் நின்று பார்க்கிறான் என்பதைப் பற்றி ஆலைத் தோழர்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு சரித்திரம் பிரான்ஸ் தேசத்தில் இருக்கிறது.

பெஸான்ஸோன் என்ற ஊரில் ரோதியாஸெத்தா என்ற செயற்கை நூல் ஆலை. 1967ல் அங்கே பெரிய வேலைநிறுத்தம். தொழிலாளிகள் ஆலைக்குள்ளேயே குடியேறிவிட்டார்கள். கூலி மட்டுமல்ல, வாசகசாலை, சினிமா, ஓய்வு எல்லாம் எங்களுக்கும் வேண்டும் என்றார்கள். கிறிஸ் மார்க்கர் என்ற பெயர்பெற்ற சினிமாக் கலைஞர், மரியோ மாரே என்ற இன்னொருவரோடு வந்து அவர்களைப் படம் எடுத்தார். 'விரைவில் சந்திப்போம்' என்பது போலப் பொருள் தரும் தலைப்பு. 1968 மார்ச்சில் டெலிவிஷனில்கூடக் காட்டினார்கள். பிறகு அந்த ஊர்த் தொழிலாளிகளுக்கே போட்டுக் காட்டினார்கள். கைதட்டல் கிடைக்கும் என்று நினைத்தால், கிடைத்தது வசை! எங்களை வெளியே நின்று வேடிக்கை பார்த்திருக்கிறீர்கள், போராட்டத்தைக் கற்பனாவாதக் கண்ணோடு பார்த்துவிட்டீர்கள், எங்கள் வீட்டுப் பெண்களை வெறும் பெண்டாட்டிகளாகக் காட்டியிருக்கிறீர்கள் என்று பிடித்துக்கொண்டார்கள்.

மார்க்கர் கோபித்துக்கொண்டு ரயில் ஏறிவிடவில்லை. அப்படியானால் நீங்களே எடுங்கள் என்று கருவிகளையும் கற்றுத்தர ஆட்களையும் கொண்டுவந்தார்கள். தொழிலாளிகள் ஒரு குழு அமைத்தார்கள். அதற்கு மெத்வெத்கின் குழு என்று பெயர். அலெக்சாந்தர் மெத்வெத்கின் என்பவர் 1932ல் சோவியத் நாட்டில் ரயில் பெட்டிகளுக்குள்ளேயே பிலிம் கழுவும் லாபரட்டரி வைத்துக்கொண்டு சுரங்கங்களுக்கும் கூட்டுப் பண்ணைகளுக்கும் போனவர். அங்கேயே படம் எடுத்து, அங்கேயே கழுவி, அந்தத் தொழிலாளிகளுக்கே திரையிட்டு, "உங்கள் இடத்தில் வேலை இப்படி நடக்கிறதே, சரியா?" என்று விவாதிக்க வைத்தவர்.

அந்தக் குழுவின் முதல் படம் 1969ல் வந்தது. முதல் படத்தில் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து, குடும்பக் கஷ்டத்தைத் தயங்கித் தயங்கிப் பேசிய சுசான் ஸெதே என்ற பெண்தான் இரண்டாம் படத்தின் நாயகி. கைக்கடிகாரத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே சங்கம் கட்டுகிறாள், வாசலில் நின்று பிரசங்கம் செய்கிறாள். இரண்டு வருஷத்துக்குள் அதே பெண்! இரண்டு படத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தால்தான் அந்த மாற்றம் எவ்வளவு பெரிது என்று தெரியும்.

எடுத்த படத்தை, யாரைப் பற்றி எடுத்தாயோ அவர்களுக்கு முதலில் போட்டுக் காட்டு. அவர்கள் திட்டினால் கேட்டுக்கொள். பெஸான்ஸோனில் நடந்தது இவ்வளவுதான். இதற்குப் பெரிய சாஸ்திரம் ஒன்றும் வேண்டியதில்லை. நம் பக்கத்திலேயே நடக்கிறது. ஆலங்குளம் வட்டாரத்தில் பீடி சுற்றும் ஊர் ஒன்றில் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் வந்து, கோயில் திண்ணைச் சுவரில் வேட்டியைக் கட்டிப் படம் காட்டினார்கள். எட்டு நிமிஷம். முகமே கிடையாது, பெண்களின் கைகள் மட்டும். இலை வெட்டும் கத்தரிச் சத்தம், தூள் விழும் சத்தம், விரல் நூல் கட்டும் வேகம். படம் முடிந்தது. கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு ஒரு அம்மாள் எழுந்தாள்.

"யய்யா, கையை நல்லாத்தான் எடுத்திருக்கிய. நாங்க சுத்தின பீடியக் கொண்டுபோயிக் குடுக்குற இடத்துல, இது சரியில்ல அது சரியில்லன்னு கழிச்சு ஒதுக்குறானே, ஒதுக்குன பீடிக்குக் கூலி கெடையாது, ஆனா பீடி அவனுக்கு. அத எங்க காட்டுனிய?"

பிள்ளைகள் திகைத்தார்கள். கடைக்குள்ளே கேமராவை யார் விடுவான்? அந்த ஊரிலேயே பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண், மாக்கோலம் போடுவதில் கெட்டிக்காரி. அவளைப் பிடித்து வரையச் சொன்னார்கள். ஒதுக்குகிற ஒரு கை. பக்கத்தில் சின்னக் குவியல். அது குன்றாகிறது, மலையாகிறது, குற்றாலத்து மலையை மறைக்கிறது. செல்போனில் ஒவ்வொன்றாகப் படம் பிடித்துக் கோத்தார்கள். ஒன்றரை நிமிஷம்தான் வரும். மறுபடி போட்டபோது பெண்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! சிரித்துவிட்டு, ஒரு வாரத்தில் எத்தனை பீடி ஒதுக்கப்படுகிறது என்று அங்கேயே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். எந்தப் பொதுக்கூட்டத்திலும் நான் காணாத கணக்கு அது.

காட்டுவதற்கு இடம்

படம் எடுப்பது பாதிதான். காட்டுவது மீதிப் பாதி. நம் தோழர்கள் முன்னின்று, நிமாய் கோஷ் டைரக்ஷனில், எம்.பி. ஸ்ரீனிவாசன் இசையில் 1960ல் 'பாதை தெரியுது பார்' எடுத்தார்கள். கொட்டகைகள் ஒழுங்காகக் கிடைக்காமல் படம் பெட்டிக்குள் போயிற்று. 2017ல் திவ்யபாரதி, மலம் அள்ளும் தொழிலாளர்களைப் பற்றி 'கக்கூஸ்' எடுத்தார். ஊர் ஊராகப் போலீஸ் திரையிட அனுமதி மறுத்தது. யூடியூபில் ஏற்றினார்; லட்சக்கணக்கில் பார்த்தார்கள். அதே வருஷம் ஜூலையில், 2009ஆம் வருஷத்து மாணவர் போராட்ட வழக்கைத் தூசி தட்டி எடுத்து அவரைக் கைது செய்தார்கள். எட்டு வருஷம் தூங்கிய வழக்குக்குப் படம் வந்ததும் விழிப்பு வந்துவிட்டது! எதற்கு இத்தனை பயம்?

யூடியூபில்தான் எல்லாம் இருக்கிறதே, தனியாகத் திரையிடுவானேன் என்று கேட்கலாம். தனியாகப் படுத்துக்கொண்டு செல்போனில் பார்க்கிறவன் பிடிக்காவிட்டால் விரலால் தள்ளிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுகிறான். அந்த அம்மாள் எழுந்து கேட்ட கேள்வியை அங்கே யாரிடம் கேட்பது? மதுரையில் ஆர்.பி. அமுதன் 1998 முதல் ஆவணப்பட, குறும்பட விழாவை விடாப்பிடியாக நடத்திக் காட்டியிருக்கிறார். முற்போக்கு எழுத்தாளர் கலைஞர் சங்கத்தாரும் திரையிடல்கள் நடத்துகிறார்கள். போதாது. ஆலை வாசல் வரை, சேரித் தெரு வரை வரவேண்டும்.

டெலிவிஷன்காரர்கள் 2009ல் 'நாளைய இயக்குநர்' என்று போட்டி வைத்தார்கள். கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி போன்ற திறமைசாலிகள் அதன் வழியாகப் பெரிய சினிமாவுக்குப் போனார்கள். சந்தோஷம். அதோடு குறும்படம் என்பது கோடம்பாக்கத்துக் கதவைத் தட்டும் விசிட்டிங் கார்டு என்ற எண்ணமும் வாலிபர்கள் மனதில் ஊன்றிவிட்டது. பெரிய படத்தின் டிரெய்லர் மாதிரியே பத்து நிமிஷப் படத்தையும் எடுக்கிறார்கள்: துப்பாக்கி, மழை, திடுக்கிடும் முடிவு. மேலப்பாளையத்துப் பையன் எதற்காக அமெரிக்க மாபியாக்காரன் போல உடை போட்டுக்கொண்டு நடக்க வேண்டும்?

வரைய வேண்டிய மலை

மறுபடி மாஞ்சோலைக்கு வருகிறேன். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து எட்டாயிரத்துச் சொச்சம் ஏக்கரைப் பம்பாய் பர்மா கம்பெனி 1929ல் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்தது. கெடு 2028 பிப்ரவரியில் முடிகிறது. அதற்கு முன்பே, 2024 ஜூனில், விருப்ப ஓய்வு என்ற பெயரில் தொழிலாளிகளிடம் கையெழுத்து வாங்கியாயிற்று. நாலு தலைமுறை கொழுந்து பறித்த மலையை விட்டுப் போக எவனுக்கு விருப்பம்? சர்க்காரின் டான்டீயே தோட்டத்தை எடுத்து நடத்தட்டும் என்ற கோரிக்கையை 2024 டிசம்பரில் உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. புலிகள் காப்பகம், காடு வளர வேண்டும் என்கிறார்கள். காடு வளரட்டும், காட்டை முதலில் வெட்டிச் செடி நட்டவன் தொழிலாளி அல்ல.

பெரிய சினிமாவும் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கத்தான் செய்கிறது. 'தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்' என்று கதைத் தொகுதி எழுதிய மாரி செல்வராஜ், 2024ல் 'வாழை' எடுத்து, தார் சுமக்கும் பிள்ளைகளைத் திரைக்குக் கொண்டுவந்தார். ஆனால் மாஞ்சோலைக்குப் பெரிய சினிமா வரும்வரை காத்திருக்க நேரமில்லை. நாலுமுக்கிலும் ஊத்திலும் குதிரைவெட்டியிலும் லைன் வீடுகளுக்கு ஆள் இல்லாவிட்டால் கூரை எத்தனை மழை தாங்கும்? கேமராவுக்கு அங்கே இடிந்த சுவர்தான் மிஞ்சும். அட்டை கடிக்கக் கடிக்கக் கொழுந்து கிள்ளியது, நிறை போடும் இடத்தில் கிலோவைக் குறைத்தது, 1999ல் மலையிலிருந்து இறங்கிய லாரிகளில் யார் யார் ஏறினார்கள் என்பது, இதெல்லாம் இப்போது கிழவர் கிழவிகளின் தலைக்குள் மட்டும் இருக்கிறது. அவர்கள் மணிமுத்தாறு, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று சிதறி வாடகை வீடுகளில் இருக்கிறார்கள்.

அந்த லைன் வீடுகளில் பிறந்த பிள்ளைகளில் வரையத் தெரிந்தவர்கள் யார் யார் என்று அம்பை வட்டாரத் தோழர்கள் விசாரித்துச் சொல்ல வேண்டும். நாலு பேர் கிடைத்தாலும் போதும். ஒருவன் கிழவியைப் பேசவைத்துச் செல்போனில் பதியட்டும்; மூன்று பேர் வரையட்டும். நாளைக்கு அறுபது சித்திரம் ஆகும். சங்க ஆபீஸில் மகாநாட்டு நோட்டீஸ் கட்டுகள் அடைந்து கிடக்கிற பெரிய மேஜையை அவர்களுக்கு ஒழித்துக் கொடுக்கலாம். ராத்திரி பத்து மணி வரை விளக்கு எரியும். கரண்டு பில்லை நாம் பார்த்துக்கொள்வோம்.